அஞ்சலை நினைவாக

நாகமுத்துவுக்குப் பிணமில்லாமல் கொள்ளிவைத்த அன்று கடற்கரையில் எழும்பிய புகை ஐம்பத்தாறு வருஷமாக அணையவில்லை என்பதைக் கீழப்புன்னைத்துறையில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால், "அது அப்படித்தாங்க, ரொம்ப நாளா நிக்குது" என்று சொல்லிவிட்டு, காபி ஆறுவதற்குள் குடிக்கச் சொல்வார்கள். ஒரு தென்னை உயரத்துக்குத் தடிமனாகவும் அதற்குமேல் மெலிந்தும் அது நேராக நின்றது. அடியில் தீ இல்லை, சாம்பல் இல்லை, கைவைத்தால் சூடில்லை, தர்ப்பையும் நெய்யும் கருகிய வாசனை மட்டும் உண்டு, கண் எரியாது.

முதல் வருஷம் பயந்தார்கள். இரண்டாம் வருஷம் காரைக்காலிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் தீரும்வரை அடித்துவிட்டுப் போனது; மணல் நனைந்தது, புகை அணையாமல் அப்படியே நின்றது. மூன்றாம் வருஷம் நில அளவைக்காரர் ஒருவர், தலைவலி எதற்கு என்று, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து 'நிரந்தரப் புகை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அது ஊருக்குச் சொந்தமானது. படகுக்காரர்கள் கடலிலிருந்து அதை நேர்பிடித்துக் கரை திரும்பினார்கள், பெண்கள் அதன் நிழல் விழும் பக்கம் கருவாடு காயப்போடாமல் பார்த்துக்கொண்டார்கள். சுனாமி வந்து வீடும் தெருவும் ஒன்றாகிக் கிடந்த மறுநாள், தன் வீடு எங்கே இருந்தது என்று தெரியாமல் நின்ற சனமெல்லாம் புகையிலிருந்து காலடி எண்ணி எண்ணித்தான் தன் தன் வாசலைக் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட ஒன்றை யார் அணைக்கப் பார்ப்பார்கள்?

செண்பகம் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. புகை அவளுடைய அப்பாவுடையது.

அவள் வயிற்றிலிருக்கும்போதே நாகமுத்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையல்கட்டு வேலைக்கு ஏறியவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கடல் தாண்டிப்போய்ப் பன்னிரண்டு வருஷம் சேதி வராதவனை இறந்தவனாக வைத்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது ஊர்வழக்கம். இல்லாவிட்டால் போனவனுக்கும் கதியில்லை, இருப்பவளுக்கும் கதியில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் தர்ப்பையால் ஆளுயரத்துக்கு ஓர் உருவம் செய்து, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, கடற்கரையில் விறகு அடுக்கிப் படுக்கவைத்தார்கள். நாகமுத்துவின் தம்பி தணிகாசலம் தேம்பித் தேம்பி அழுதபடி கொள்ளிவைத்தார். அம்மா அஞ்சலையின் தாலியைக் கழற்றினார்கள், வளையலை உடைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் சுமங்கலியா இல்லையா என்று எந்த விசேஷத்திலும் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றவள், அன்றுதான் வீட்டுக்கு வந்து அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். பன்னிரண்டு வயதுச் செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று ஊர் மறந்திருந்த நேரத்தில்தான் லூர்துநாதன் சாருக்குக் கடிதம் வந்தது. அவர் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் 'ஊர் வரலாற்றுக் குழு' என்று ஒன்றைத் தொடங்கி, தானே தலைவராகவும் பெரும்பாலான நாட்களில் தானே குழுவாகவும் இருந்தவர். அவருடைய முறை ரொம்பக் கறாரானது. ஒரு சங்கதியை மூன்று வீட்டில் ஒன்றுபோலச் சொன்னால் அது உண்மை, இரண்டு வீட்டில் சொன்னால் கேள்வி, ஒரே வீட்டில் சொன்னால் வதந்தி. புகையைக்கூட அவர் மூன்று வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் நோட்டில் ஏற்றினார், அதுவும் சன்னலுக்கு வெளியே அது தெரிந்துகொண்டிருக்கும்போதே.

கடிதம் கரீபியக் கடலிலிருக்கும் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து, ஒரு நூலகத்துப் பெண் எழுதியது. அவள் பெயர் மரி-லோர் மூத்துசாமி. பெயரில் பாதி நம்முடையது, பாஷை நம்முடையதல்ல. தங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு முசியே நாகமுத்து என்பவரின் பெயரை வைத்திருக்கிறோம், அவர் கப்பலிலிருந்து வெறுங்கையோடு இறங்கி, தலைச்சுமையாக ஐஸ் விற்று, பிறகு ஐஸ் தொழிற்சாலை வைத்து, மீனவர்களுக்குக் குளிரறையும் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்து, மறுகல்யாணம் செய்யாமல் தொண்ணூற்றொன்பதில் இறந்துபோனார், உங்கள் ஊர்க்காரர் என்று தெரிகிறது, அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தாள். தெரிந்ததெல்லாம் அவரை எரித்துவிட்டோம் என்பதுதான்.

லூர்துநாதன் சார் கொஞ்சமும் அசரவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். நாலே மாசத்தில் கண்டுபிடித்துவிட்டார். எழுபத்து நாலில் பாண்டிச்சேரி பாதிரிமார் மூலமாகப் பெயர் சொல்லாத யாரோ கட்டிக்கொடுத்த பிரசவ விடுதி, ஊரில் பாதிப்பேர் பிறந்து விழுந்த அந்த ஓட்டுக்கட்டடம், நாகமுத்து கட்டியது. அதன் வாசலில் பதித்திருக்கும் பளிங்குக் கல்லில் உள்ள 'அஞ்சலை நினைவாக' என்பதில் வரும் அஞ்சலை, யாரோ வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த தமிழ்ப் பெண் என்று ஊர் கதைகட்டிவைத்திருந்த அஞ்சலை, வேறு யாருமில்லை. அந்த விடுதியிலேயே ஆயாவாக இருபது வருஷம் வேலைபார்த்து, தினம் காலையில் ஈரத்துணியால் அந்தக் கல்லைத் துடைத்து, "என் பேருதான், யாரோ மகராசி, நல்லாருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போன அஞ்சலைதான்.

தன் நினைவுக்கல்லைத் தானே துடைத்தவள். ஊர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விழா எடுப்பதென்று முடிவுசெய்தது. படம் திறப்பது, புத்தகம் போடுவது, கடற்கரைத் தெருவுக்கு நாகமுத்து பெயரை வைப்பது. துக்கத்தை ஒரு நிகழ்ச்சிநிரலாக மாற்றிவிட்டால் நம் ஆட்களுக்குப் பசி திரும்பிவிடும்.

ஒரு கேள்விதான் பாக்கி. உயிரோடிருந்த பெண்டாட்டி செத்துப்போனதாக நாகமுத்துவிடம் யார் சொன்னது?

அதற்கும் பதில் தீவிலிருந்தே வந்தது. நாகமுத்துவின் படத்தோடு ஒரு பழைய தபால் உறையும் பொட்டலத்தில் வருகிறது என்று மரி-லோர் எழுதினாள். அறுபத்தெட்டு ஆகஸ்டில் நாகமுத்து பெண்டாட்டிக்குப் போட்ட முதல் கடிதம். பிரிக்கப்படாமல் திரும்பி வந்திருக்கிறது. திருப்பிய சீட்டில் 'பெறுநர் இறந்துவிட்டார்' என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் பெயரும் தேதியும் தமிழில் எழுதியிருக்கிறது. லூர்துநாதன் சார் மறுபடி நோட்டைத் தூக்கினார். தணிகாசலம்தான் செய்திருப்பார், அண்ணன் திரும்பிவந்தால் மனையில் பங்கு போகுமே, தபால்காரர் சவரியப்பன் அவருக்குச் சேக்காளிதானே என்று முதல் வீட்டில் சொன்னார்கள். இரண்டாவது வீட்டிலும் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில், முதல் இரண்டு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதையே சொன்னார்கள். உண்மையாகிவிட்டது. தணிகாசலமும் சவரியப்பனும் போய்ச்சேர்ந்து எத்தனையோ காலம். மறுத்துப் பேச ஆளில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தணிகாசலத்தின் மகன் மாரிக்கண்ணு செண்பகத்தின் வீட்டுக்கு வந்தான். படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன், ஐம்பது தாண்டியும் கையிலிருந்து கிரீஸ் போகாதவன். விழாப் புத்தகத்தில் தன் அப்பா பெயர் வரும் பக்கத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"அக்கா, எங்கப்பா அப்பிடிச் செஞ்சிருப்பாரா?"

செண்பகம் பாயை விரித்து அவனை உட்காரச் சொன்னாள்.

"எனக்கு எதுவும் வேணாங்க்கா. மேடைக்கு வராதன்னு சொல்லிட்டாங்க, சரின்னுட்டேன். கடைக்கு வர்றவனெல்லாம் செவுத்துல இருக்குற அப்பா படத்தயே பாக்குறான். நேத்து அதக் கழட்டி வச்சிட்டேன். கழட்டுனப்புறம்தான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நீங்க கூடவே வளந்தவங்க, சொல்லுங்க."

தணிகாசலம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். அவள் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்தவர். "சித்தப்பா தங்கம்டா" என்றாள் செண்பகம். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, வாய்வரை வந்தது, அவள் எழுந்து டீ போடப் போய்விட்டாள். டீயைக் குடித்துவிட்டு மாரிக்கண்ணு, கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனான்.

குறி போட்டது செண்பகம்.

காரியம் முடிந்த மூன்றாவது வாரம், அம்மா கிணற்றடியில் இருந்தபோது சவரியப்பன் வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த உறையைப் பாம்பைப் பிடித்ததுபோலத் தள்ளிப் பிடித்திருந்தார். "பாப்பா, ஒங்கப்பாருக்குக் காரியம் பண்ணிட்டமே, இப்பப் போயி எழுதியிருக்காரே. இத நா என்னான்னு குடுக்கறது?" என்றார். நல்ல மனுஷர், அவருக்கும் குழப்பம். காரியம் செய்தவன் உயிரோடு திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று கடற்கரையில் குருக்கள் சொல்லியிருந்தார்: நெய்க்குடத்தில் முக்கி எடுத்து, தொட்டிலில் போட்டு, காது குத்தி, பேர் வைத்து, வளர்ந்தவனாக பாவித்து, அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டவைக்க வேண்டும். எல்லாரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு செண்பகத்தின் காதில் அப்படியே இருந்தது. அப்பாவைத் தொட்டிலில் போட்டு ஊர் சிரிக்கும். அம்மாவை மறுபடி மணவறையில் உட்காரவைத்து ஊர் சிரிக்கும். உடைத்த வளையல் வீணாக உடைத்தது என்றாகும். அம்மா இனிமேல் தூங்கமாட்டாள்.

"திருப்பி அனுப்பிடுங்க" என்றாள்.

"மறுத்துட்டாங்கன்னு போட்டா மறுபடி எழுதுவாரு பாப்பா. அனுப்புனவரு செத்துட்டாருன்னு போட இதுல கட்டம் கெடையாது. வாங்குறவங்க செத்துட்டாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு, அதப் போட்டா நின்னுரும். ஆனா அஞ்சலதான் குத்துக்கல்லாட்டம் இருக்கே." அவர் பேனாவை நீட்டினாரா, அவளாக வாங்கிக்கொண்டாளா என்று அவளுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. குறி போட்டாள். பேரும் தேதியும் எழுது என்றார். அஞ்சலை, 14-9-68 என்று எழுதினாள். ஞகரத்தின் வாலைச் சுழித்து உள்ளே கொண்டுபோய் நத்தைபோல முடிப்பது அந்த வயதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஆறு வருஷம் கழித்து விடுதியின் திறப்புவிழாவில் பளிங்குக் கல்லின் திரையை விலக்கியபோது, கல்தச்சன் சின்னப்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறானே என்று கூட்டம் சிரித்தது. செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லுக்குக் கிட்டே போனாள். கல்லில் இருந்தது அவளுடைய கையெழுத்து. ஞகரத்துக்கு நத்தைவால். மனைவியின் பெயர் கடைசியாக எந்த எழுத்தில் வந்ததோ, அதையே எங்கோ ஒரு மனிதர் அளவெடுத்து அனுப்பியிருந்தார். அன்றே சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, அங்கே அவருக்கும் பெரிய வயதில்லை. சொல்லத்தான் நினைத்தாள், நாளை என்றாள், பொங்கல் கழியட்டும் என்றாள், கல்யாணம் முடியட்டும் என்றாள். தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும் சேர்த்து மறுவருஷம் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா தினம் கல்லைத் துடைத்தாள், ஒன்றும் தெரியாமலே போய்ச்சேர்ந்தாள். செண்பகம் ஊரின் கிளைத் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் முத்திரை குத்தினாள், இறந்துபோனவர்களுக்கு வரும் கடிதம் எதையும், வீட்டுக்கே போய்ச் சவத்தையோ மாலைபோட்ட படத்தையோ கண்ணால் பார்க்காமல் அவள் திருப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாகமுத்துவின் படம் பெரியதாக, கோட்டு போட்டு, காது மட்டும் செண்பகத்தின் காதாக இருந்தது. படத்துக்குக் கீழே உறை. "இது எங்களுடையதல்ல, போய்ச்சேராத கடிதம், சேர வேண்டிய இடத்துக்கே அனுப்புகிறோம்" என்று மரி-லோர் எழுதியிருந்ததை லூர்துநாதன் சார் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு புத்தகத்தைக் கையிலெடுத்து, தணிகாசலத்தின் பெயர் வரும் பக்கத்தைப் பிரித்தார். பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில், மாரிக்கண்ணு நின்றுகொண்டிருந்தான். வராமலிருக்க அவனால் முடியவில்லை போலிருக்கிறது.

"சார், அதப் படிக்காதீங்க" என்று செண்பகம் எழுந்தாள். "சித்தப்பா இல்ல. அந்தக் குறி போட்டது நான்."

லூர்துநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அவள்மேல் மரியாதை உண்டு, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. "செண்பகம்மா, மூணு வீட்ல வேற மாதிரி சொல்லியிருக்காங்க. நீங்க ஒரு வீடு. ஒரு வீடுன்னா நான் அத வதந்தின்னுதானே எழுதணும்" என்றார், வருத்தமாக.

நிகழ்ச்சிநிரல் எழுதிவைத்த கரும்பலகை ஓரத்தில் நின்றது. செண்பகம் போய், வரவேற்புரை என்பதை முழங்கையால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அஞ்சலை என்று எழுதினாள். அறுபத்தெட்டு வயதிலும் ஞகரத்தின் வால் தானாக உள்ளே சுழித்துப்போய் முடிந்தது. முன்வரிசைக்காரர்கள் கரும்பலகையைப் பார்த்தார்கள், திரும்பி வாசல் கல்லைப் பார்த்தார்கள். அந்தக் கல்லின் கீழ் பிறந்தவர்கள் அவர்கள். அந்த எழுத்தை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு வயதுதானே என்றார்கள் சிலர். பதினெட்டு வயதிலும் நாற்பது வயதிலும் என்ன என்று எவரும் கேட்கவில்லை. மாரிக்கண்ணு செருப்புகளைத் தாண்டி உள்ளே வரவில்லை. கடையைப் பார்க்க வேகமாக நடந்து போனான், அப்பா படத்தை மறுபடி மாட்ட.

லூர்துநாதன் சார் உறையை அவள் கையில் கொடுத்தார். "வாரிசு நீங்கதான், நீங்களே பிரிங்க." அவள் பிரித்து, சத்தமாகவே படித்தாள். கோணல்மாணலான எழுத்து, முதல்முதலாக எழுதக் கற்றவரின் எழுத்து.

'அஞ்சலைக்கு. இது என் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே அந்தக் காலத்தில் கரும்புக்காட்டுக்கு வந்த நம் சனத்தின் வழியில் ஒரு கிழவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருந்தது, அவரிடம் கற்றேன். இத்தனை வருஷம் எழுதாததற்கு வெட்கம்தான் காரணம், கையில் ஒன்றுமில்லை. இப்போது ஒரு ஐஸ் கடை நிற்கிறது. வரும் தையில் கப்பல் ஏறுவேன். பிறந்தது பெண்ணோ பிள்ளையோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் எழுதப் படிக்கும் வயசு ஆகியிருக்கும். இதற்குப் பதிலை நீ யாரிடமும் சொல்லி எழுத வேண்டாம், குழந்தை கையால் எழுதச் சொல். அதன் எழுத்தை நான் பார்க்க வேண்டும்.'

பார்த்துவிட்டார். பார்த்து, கல்லிலும் வெட்டிவைத்துவிட்டார். செண்பகம் கடிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்து உறையில் போட்டாள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி விற்றார்கள். தெருவுக்குப் பெயர் வைத்தார்கள். புகை அப்படியே நின்றது.

மறுவாரம் அவள் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது, நாலு பக்கம் என்று மட்டும் தெரியும். தபால் நிலையத்தில் இப்போது இருக்கும் பெண் முகவரியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா, இவரு தவறிட்டாருல்ல?"

"தெரியும்மா. நீ முத்திரைய குத்து."

புரட்டாசி போய், ஐப்பசி மழை வந்து, கார்த்திகையில் ஒரு நாள் மதியம் கடிதம் திரும்பிவந்தது. பிரிக்காத உறை, மேலே ஒட்டிய சீட்டு, சீட்டில் கட்டங்கள். 'பெறுநர் இறந்துவிட்டார்' என்ற ஐந்தாவது கட்டத்தில் அந்தத் தீவின் யாரோ ஒரு தபால்காரர், கொஞ்சமும் யோசிக்காமல், நேர்த்தியாக ஒரு குறி போட்டிருந்தார். செண்பகம் வாசற்படியில் உட்கார்ந்து அதை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். கடற்கரைப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது, பிறகு பலபேர். கடலுக்குப் போயிருந்த படகுகள் நேர்பிடிக்க ஒன்றுமில்லாமல் தெற்கே விலகிப் போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்றவர்கள் வேட்டியையும் சேலையையும் கழியில் கட்டி ஆட்டினார்கள்.

மாரிக்கண்ணு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, புகை நின்னுபோச்சு. அந்த எடமே தெரியல."

"தெரியும் தம்பி" என்றாள் செண்பகம். "அப்பா தவறிட்டாரு. இப்பத்தான் தகவல் வந்துச்சு."

உறையைப் படியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள், ஒரு வாளி இறைத்து, தலையோடு ஊற்றிக்கொண்டாள்.